தவிட்டம்மாள் யார் பிள்ளை

ஐம்பத்தொன்பதாம் வருஷம் குற்றாலத்தில் சீசன் அமோகம். பேரருவியில் விழுந்த தண்ணீர் பாறையில் மோதி மேலே கிளம்பி, மறுபடி மேகமாகப் போய், அதே தண்ணீர் இரண்டாம் முறையும் விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் விட்டுவிடலாம், கதைக்கு அது அவசியமில்லை. அவசியமானது என்னவென்றால், அந்த ஆடி மாதத்தில் இலங்கையிலிருந்து புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர், தத்து எடுத்த பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வந்து, குற்றாலத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடந்தார்கள்.

புருஷன் பெயர் சிவசைலம். அட்டன் டவுனில் மளிகைக்கடை வைத்திருந்தார். பெண்சாதி சண்முகசுந்தரி. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. சிவசைலத்தின் பாட்டனார் நம்முடைய வடகரையிலிருந்து கப்பலேறிப் போனவர்தான். ஆனால் பேரன் அந்த நாட்டுப் பிரஜையாகப் பதிவு செய்துகொண்டதால், பாட்டனார் பிறந்த மண்ணில் அவர் அன்னியர். தங்க அனுமதி ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதியோடு சரி. அதுவரைக்கும் வாரத்துக்கு ஒருமுறை தென்காசிக்கு வந்து போலீஸ் ஸ்டேஷனில் முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

"அங்கன எங்களை இந்தியாக்காரன்னு சொல்லுதான் அண்ணாச்சி. இங்கன வந்தா சிலோன்காரன்னு எழுதுதான். நடுவுல கப்பல்ல வந்த நேரத்துல மட்டுந்தான் யாரும் ஒண்ணும் சொல்லலை. எனக்கு அப்பம் வாந்தி வந்துட்டு, அனுபவிக்க முடியலை" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

என்னிடம் ஏன் சொன்னார் என்றால், நான் அப்போது தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தேன். தத்துப் பத்திரத்துக்கு வாசகம் எழுதினதும் நான்தான்.

தத்துக் கொடுத்தவள் பாலம்மாள். சண்முகசுந்தரிக்குச் சித்தி மகள். வடகரைக்காரி. தென்னந்தோப்புக் காவலில் இருந்த அவள் புருஷன் முந்தின வருஷம் காலமாகிவிட்டார். மூன்று பெண் பிள்ளைகள். சின்னது இரண்டும் இடுப்பை விட்டு இறங்காத வயசு. மூத்தவளுக்கு ஐந்து. அவளைத்தான் அக்காளுக்குக் கொடுத்தாள். பத்திரம் பதிவாகி, பாலம்மாள் ரேகை வைத்து, எல்லாம் முறைப்படி முடிந்தது. இனிப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வர வேண்டும். அதற்கு ஒரு விசாரணை. அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

சீசன் தொடங்கிவிட்டால் சர்க்கார் ஃபைல்களுக்கெல்லாம் குற்றாலத்தில் வேலை முளைத்துவிடும் என்பது அந்தக் காலத்து இயற்கை விதி. எங்கள் விசாரணை அதிகாரியும் மெட்ராஸிலிருந்து வந்து குற்றாலம் பங்களாவில் முகாம் போட்டிருந்தார். அனந்தப்பூர்ப் பக்கத்துக்காரர், உத்தியோகத்துக்கு வந்தபிறகு தமிழ் படித்தவர். நல்ல மனுஷர். காலையில் எண்ணெய் தேய்த்து அருவி, பதினோரு மணிக்கு விசாரணை, மூன்று மணிக்கு மறுபடி அருவி. நாங்கள் போனதற்கு முந்தின வாரம் முகாமின் ரப்பர் ஸ்டாம்பையும் மைப்பெட்டியையும் ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதை மீட்பதற்குள் பங்களா மரத்தில் பதினோரு கொய்யாப்பழத்தில் 'பரிசீலிக்கப்பட்டது' என்று விழுந்துவிட்டது. அதில் இரண்டை நானே தின்றேன். மை கசந்தது.

விசாரணை நாளில் பாலம்மாள், சிவசைலம், சண்முகசுந்தரி, நான் எல்லோரும் கைகட்டி நின்றோம். பிள்ளை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, உன் பேரு என்ன?" என்று அதிகாரி அன்பாகக் கேட்டார்.

"தவுட்டம்மா."

"தவிடா? மாடு திங்குமே, அந்தத் தவிடா?"

"ஆமா. என்னயத் தவுட்டுக்கு வித்துட்டாவள்லா."

அதிகாரியின் பேனா நின்றது. "யாரு வித்தாங்க?"

பிள்ளை, பெற்ற தாயைக் கையை நீட்டிக் காட்டினாள். "இந்த அத்தை."

"யாருக்கு வித்தாங்க?"

"எங்க அம்மைக்கு. அம்மை வரலை. வீட்டுல நெல்லு அவிக்கா."

அதிகாரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். தாயார் பாலம்மாள் என்று போட்டிருந்தது. "அப்போ இவங்க உங்க அம்மா இல்லையா?"

"அதாஞ் சொன்னேம்லா, அத்தைன்னு" என்று பிள்ளை பொறுமையாகச் சொன்னாள்.

"அதோ அந்த அம்மா?"

"அவிய பெரியம்மை. சிலோன்ல இருந்து மிட்டாயி கொண்டாந்தாவ. தீந்துட்டு."

அதிகாரி பேனாவை மூடினார். ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார். வாஸ்தவம். பிள்ளை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதுதான் சங்கடம்.

நடந்தது இது. தவிட்டம்மாளுக்கு முன்னால் பாலம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் மூன்று மாதம் தாண்டவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அக்கம்பக்கத்தில் பிள்ளை குட்டி தங்கின ஒருத்தி ஒரு முறம் தவிடு கொண்டுவந்து கொடுப்பாள், தாய் பிள்ளையைத் தூக்கி அதே முறத்தில் போட்டு அவளுக்கு விற்றுவிடுவாள். அதன்பிறகு வளர்ப்பதெல்லாம் பெற்றவள்தான். ஆனால் பிள்ளை வாங்கினவளுடையது. எமன் வந்து கேட்டால் இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லையே என்று குழம்பிப் போய்விடுவான். நாங்கள் எமனையே குழப்பினவர்கள். அனந்தப்பூர்க்காரர் எம்மாத்திரம்?

வாங்கினவள் எதிர்வீட்டுச் சொக்கம்மாள். நெல் அவித்துக் குத்துகிறவள், தவிட்டுக்குப் பஞ்சமில்லை. சிலபேர் இந்த வழக்கத்தைப் பேருக்குச் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். பாலம்மாள் மறக்கவில்லை. ஐந்து வருஷமாக அந்தப் பிள்ளையை வாய்தவறிக்கூட "எம் பிள்ளை" என்று அவள் சொன்னதில்லை. பால் கொடுக்கும்போதுகூட, "யாரு வீட்டுப் பிள்ளையோ, பசிக்குன்னு அழுது" என்று தெருவுக்குக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாளாம். சொக்கம்மாளை அம்மை என்றும் தன்னை அத்தை என்றும் கூப்பிடப் பழக்கினதும் அவளேதான்.

மறுநாள் சொக்கம்மாளை வரவழைத்தார் அதிகாரி.

"இந்தப் பிள்ளையை நீங்க வாங்கினீங்களா?"

"ஆமா, வாங்கினேன்."

"ஏதாவது ரசீது இருக்கா?"

"தவுட்டுக்கு எவன் சாமி ரசீது குடுப்பான்?"

"நிஜத்தைச் சொல்லுங்கம்மா. இது உங்க பிள்ளையா?"

சொக்கம்மாள் ஒருதரம் மேலே பார்த்துவிட்டு, "எம் பிள்ளைதான்!" என்று கூரைக்குச் சொன்னாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, அப்படி இல்லை என்று கண்ணாலேயே ஜாடை காட்டினாள். விடாமல் காட்டினாள். அவர் அந்த அம்மாளுக்குக் கண்வலி என்று நினைத்துக்கொண்டு மருந்து சொன்னார்.

அடுத்தது பாலம்மாள். "பத்திரத்தில இருக்கிற ரேகை உங்களோடதுதானே?"

"ரேகை என்னதுதான்."

"பிள்ளை?"

"பிள்ளை என்னது இல்லை. எனக்கும் அதுக்கும் ஒரு ஒட்டும் கெடையாதுங்க."

"அப்போ எப்படித் தத்துக் குடுத்தீங்க?"

பாலம்மாள் தரையைப் பார்த்தாள். ரேகை வைக்கும்போது வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

நான் குறுக்கே விழுந்து வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அதிகாரி நன்றாகவே கேட்டுக்கொண்டார். "சரி. எமனுக்குக் கேக்கக் கூடாது, எனக்குக் கேக்கணும். அதுதானே?"

"அதேதாங்க."

"எமன் எங்க இருப்பாரு?"

"எங்கயும் இருப்பாருங்க."

"அப்போ நான் எங்க போய்க் கேக்கிறது?"

நியாயமான கேள்வி. அதிகாரி எழுந்துவிட்டார். "பெத்த தாய், 'என் பிள்ளை, மனசாரக் குடுக்கிறேன்'னு வாயால சொல்லணும். நான் காதால கேக்கணும். பத்தாம் தேதி சாயங்காலம் எனக்கு ரெயில். அதுக்குள்ள சொல்லலைன்னா, பிள்ளையை விலைக்கு வித்திருக்காங்கன்னு எழுதி ஃபைலை மூடிடுவேன். எனக்கு வேற வழி இல்லை."

அன்றைக்குத் தேதி இரண்டு.

அந்த எட்டு நாளும் சண்முகசுந்தரி அந்த வாடகை அறையில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். நாள் தள்ளிப்போகப் போகப் பிள்ளை வளர்ந்துவிடுமே என்று ஒவ்வொரு கவுனையும் முந்தினதைவிடக் கொஞ்சம் பெரிசாக வெட்டினாள். கடைசியாகத் தைத்தது எனக்குச் சேரும்.

ஐந்தாம் தேதி பாலம்மாள் பிள்ளையோடு பார்க்க வந்தாள். பிள்ளை வெளியே குரங்குக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்தாள். சண்முகசுந்தரி தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி பாலு, ஒரு வார்த்தைதானட்டி. சொல்லிரேன்."

"சொன்னா எடுத்துட்டுப் போயிருவான்க்கா. முந்தி ரெண்டையும் எம் பிள்ளை எம் பிள்ளைன்னு சொல்லித்தானே பறிகுடுத்தேன்."

"சொல்லாட்டா எனக்கு இல்லையேட்டி."

"ஒனக்கு இல்லாட்டாலும் உசுரோட இருக்கும்லாக்கா."

சண்முகசுந்தரி கையை விட்டுவிட்டாள். பாலம்மாள் போனபிறகு என்னைப் பார்த்து, "அவளுக்குக் குடுக்க மனசு இல்லையோ அண்ணாச்சி? எமன் மேல பழியப் போடுதாளோ?" என்று கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பாலம்மாளுக்கே அது தெரிந்திருக்குமா என்பது இன்னொரு சந்தேகம்.

சிவசைலம் மூலையிலிருந்து, "ரெண்டு பேரு சொல்லுததும் சரியாத்தான் படுது. ஒருத்தியாவது தப்பாப் பேசினா எனக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கும்" என்றார்.

எட்டாம் தேதி சொக்கம்மாள் ஒரு முழுக்குப் போடலாமென்று பேரருவிக்குப் போனாள். போனவள் சொட்டச்சொட்ட ஓடிவந்தாள். ஈரச்சேலையோடு அறை வாசலிலேயே நின்றுகொண்டு இரைந்தாள்.

"மூக்குத்தி விழுந்துட்டு, மூக்குத்தி விழுந்துட்டுன்னு அருவிக்குள்ள நின்னு தொண்டை கிழியக் கத்துதேன். ஒட்டி நிக்கவ, 'ஆமா, நல்ல தண்ணி'ங்கா! செவிட்டு மூதின்னு ஏசுதேன், அதுக்கும் சிரிக்கா! அங்கன நின்னு சொன்னா எவனுக்குய்யா கேக்கும்? எமனுக்கு மட்டும் தனிக் காதா வச்சிருக்கு?"

மூக்குத்தி கிடைத்ததா என்று கேட்டேன். அதைத் தேட எங்கே நேரம் என்றாள்.

அன்று முழுக்க வடகரையில் உட்கார்ந்து பாலம்மாளைச் சம்மதிக்க வைத்தாள் சொக்கம்மாள். எமன் எருமையில் வருகிறவன், எருமை அருவிக்குள் இறங்காது, வழுக்கும் என்று அவள் எடுத்துச் சொன்ன காரணம்தான் கடைசியில் எடுபட்டதாகக் கேள்வி.

ஒன்பதாம் தேதி காலையில் அதிகாரியைத் தேடிப் போனோம். அவர் கற்பலகையில் குப்புறப் படுத்து எண்ணெய் தேய்க்கக் கொடுத்திருந்தார். தேய்க்கிறவன் அவர் முதுகில் மாவு பிசைவது போலப் பிசைந்துகொண்டிருந்தான். அருவிக்குள் வந்து கேட்டால் பாலம்மாள் சொல்லிவிடுவாள் என்றோம்.

"குளிக்கும்போது நான் அதிகாரி இல்லை" என்று பலகையைப் பார்த்துச் சொன்னார்.

சண்முகசுந்தரி அதுவரை அவர் முன்னால் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தாள். "நீங்க அதிகாரியா வர வேண்டாமுங்க. காதை மட்டும் கொண்டாங்க."

அதிகாரி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து நடந்தார்.

பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் கம்பி. கம்பிக்கு இந்தப் பக்கம் அதிகாரி, இடுப்பில் ஒரு துண்டோடு. அந்தப் பக்கம் பாலம்மாள். அவருடைய பியூன் ஃபைலுக்குக் குடை பிடித்தபடி அருவிக்குள்ளேயே வந்துவிட்டான். தண்ணீர் விழுந்த வேகத்தில் குடை பூவாக மலர்ந்து, துணி கழன்று, கம்பி மட்டும் நின்றது. அவன் கடைசிவரை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடமை.

நாங்கள் பிள்ளையோடு எட்ட நின்று பார்த்தோம். பாலம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். நாலு பக்கமும் பார்த்தாள். அதிகாரி கம்பியோடு ஒட்டிக் காதைச் சாய்த்தார். மறுபடி திறந்தாள். எங்களுக்கு ஒரு சத்தமும் வரவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அதிகாரி தலையை ஆட்டினார், போதும் என்று கையைக் காட்டினார்.

பாலம்மாள் நிறுத்தவில்லை.

அதிகாரி வெளியே வந்து துவட்டிக்கொண்டார். பியூனும் வந்துவிட்டான். அவள் அங்கேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாறையைப் பார்த்துச் சொன்னாள், தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள், தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள். இரண்டே வார்த்தை வாயசைவு, தூரத்திலிருந்தே படித்துவிடலாம். ஐந்து வருஷத்துப் பாக்கி.

என் பக்கத்தில் நின்ற சண்முகசுந்தரி அருவியிலிருந்து கண்ணை எடுத்தாள். "இனிமே தரமாட்டா அண்ணாச்சி" என்றாள். "சொல்லிப் பாத்துட்டாள்லா. இனிமே எப்படித் தருவா?"

சொக்கம்மாள்தான் உள்ளே போய் அவளைப் பிடித்து இழுத்து வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல், "நாளைக்கு ரெயிலுக்குக் கொண்டாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வடகரைக்கு நடந்துவிட்டாள். ஐந்து வயசுப் பிள்ளையை யாராவது அவ்வளவு தூரம் இடுப்பில் சுமப்பார்களா?

அதிகாரி அன்று பகலிலேயே பாஸ்போர்ட்டிலும் மற்றக் காகிதங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தாயார் வாக்குமூலம் நேரில் கேட்கப்பட்டது என்று எழுதியிருந்தார். எந்த இடத்தில் என்று எழுதவில்லை.

பத்தாம் தேதி, சாயங்கால ரெயிலுக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே புருஷனும் பெண்சாதியும் தென்காசி ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காகிதங்களைச் சண்முகசுந்தரி மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தாள். பிள்ளை இல்லாமல் பிள்ளையின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. அனுமதிக்கு இன்னும் இரண்டே நாள், அந்த ரெயிலை விட்டால் தனுஷ்கோடியில் கப்பல் கிடைக்காது. மணி மூன்றாயிற்று, நாலாயிற்று. ரெயிலும் வந்து நின்றது. முதல் வகுப்பு ஜன்னலோரம் அதிகாரி உட்கார்ந்துவிட்டார். பாலம்மாளைக் காணோம்.

"வரமாட்டா" என்றாள் சண்முகசுந்தரி. ரெயிலைப் பார்க்கவேயில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போய்க் கேக்கக் கூடாதுன்னு சொல்லுங்க இவியள்ட்ட. வராட்டா வராம இருக்கட்டும்."

போக எழுந்த சிவசைலம் மறுபடி உட்கார்ந்தார்.

மணி அடிக்கப் போகிற நேரத்துக்கு பாலம்மாளும் சொக்கம்மாளும் பிள்ளையோடு வந்தார்கள். நேரே வந்து சண்முகசுந்தரிக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தினாள் பாலம்மாள். நிறுத்திவிட்டு, திருமலைக்கோயில் வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்.

"இந்தா! யாரு பெத்த பிள்ளையோ! எனக்கும் இதுக்கும் ஒண்ணும் கெடையாது! கொண்டுட்டுப் போ!"

வாய் இதைச் சொல்லும்போது கை பிள்ளையின் கவுனுக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தது.

கடல் தாண்டிப் போகிற பிள்ளை, முந்தின நாள் வாய்விட்டுச் சொன்னதை எமன் ஒருவேளை கேட்டிருந்தால் என்ன செய்வது என்று இவள் முன்ஜாக்கிரதை பண்ணுகிறாள். அது புரிகிறது. ஆனால் இரண்டு ஜன்னல் தள்ளி அதிகாரி உட்கார்ந்திருக்கிறாரே!

சண்முகசுந்தரி அதிகாரியைப் பார்த்தாள். மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பித்தான் போடுகிற கையைப் பார்த்தாள். தங்கச்சியின் வாயைப் பொத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்து நின்று, அதைவிட உரக்கக் கத்தினாள்.

"எனக்கு மட்டும் சொந்தமாக்கும்? போற வழியில நின்னுது, கூட்டிட்டுப் போறேன்! நான் யாரோ, அது யாரோ!"

"ஏட்டி! பாஸ்போர்ட்டுல நம்ம பிள்ளைன்னு எழுதியிருக்குட்டி!" என்று சிவசைலம் தலையில் கைவைத்தார்.

"ரெண்டு பேரும் சும்மா கெடங்கட்டி!" என்று சொக்கம்மாள் நடுவில் புகுந்தாள். "அது எம் பிள்ளை! தவுடு குடுத்து வாங்கினது நான்! எவன் வந்தாலும் எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு!"

எஞ்சின்கூட மூச்சுவிடாமல் நின்றது. போர்ட்டர்கள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

அதிகாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். மூன்று பெண்களையும் வரிசையாகப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து இரண்டு உதறு உதறினார்.

"நேத்து அருவித் தண்ணி காதுல புகுந்தது, இன்னும் வெளிய வரலை" என்று என்னிடம் சொன்னார். "ஒரு சத்தமும் கேக்கமாட்டேங்குது. இங்க யாராவது ஏதாவது பேசினாங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

"அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்று ஜன்னல் கதவை இறக்கிவிட்டார்.

கார்டு கொடியை எடுத்தார். சிவசைலம் சாமான்களை உள்ளே தள்ளிவிட்டு ஏறி, வாசலில் நின்று கையை நீட்டினார். பாலம்மாள் கடைசிப் பித்தானையும் போட்டு முடித்தாள். போடுவதற்கு வேறு பித்தான் இல்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

தவிட்டம்மாள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தி இல்லை என்கிறாள், இன்னொருத்தியும் இல்லை என்கிறாள், ஆமாம் என்கிறவள் ரெயிலேறும் கோலத்தில் இல்லை. கடைசியில், ஒன்றும் கத்தாமல் நின்ற என்னிடம் வந்தாள்.

"மாமா, நான் இப்பம் யாரு கூடப் போணும்?"

நான் ரெயிலைக் காட்டினேன். ஏறிக்கொண்டாள்.